சிவப்புத் தாளைத் தூக்காதீர்கள்

1.

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. கார் ஓட்டத்தான் வரவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையின் அடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக் அவருடையது. வயதில் என்னைவிட இளையவர்தான், ஆனால் கடைசி பிரேக் யார் காலில் இருக்கிறதோ அவர்தானே அக்கா? நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். வராவிட்டாலும், வரப்போகிறது என்று மிதிப்பார். அவரிடம் சேர்ந்ததிலிருந்து நான் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் எறும்புக் கூட்டம் செல்லமாக வளர்கிறது என்று தெரிந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

"மழை விட்ட மாலையொன்றில், சிறகுகளை உதறிவிட்டு, தன்னந்தனியே ஒரு ராணி —"

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நாலாவது வரியில் அரண்மனை வந்துவிடும்.

"எறும்புகள் மனிதர்களைவிட —"

இதையும் அடித்தேன். இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் யாராவது என்னைப் பள்ளி ஆண்டுவிழாவில் பேசக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"எறும்புகள் வீடு மாற மறுத்தன."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2.

எறும்புகள் வீடு மாற மறுத்தன.

அவை இருந்த வீடு ஒரு கண்ணாடிக் குழாய். ரத்தம் சோதிக்கிற இடங்களில் இருக்குமே, அந்த மாதிரி. அடியில் தண்ணீர், தண்ணீரை அடைத்துக்கொண்டு ஒரு பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணி. பெரிய மழை ஒன்று விட்ட பிறகு, பயிற்சிக் காரின் முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தவள் அவள். (வாசலில் அடித்து விரட்டிய மழை கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிட்டது, பாருங்கள்.) அக்கா அவளை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்க் குழாயில் விட்டார். ராணி முட்டையிட்டாள். முட்டை புழுவாகி, புழு எறும்பாகி, அந்த முதல் எறும்பு தள்ளாடித் தள்ளாடி நடந்த அன்று அக்கா வகுப்புக்கே வரவில்லை. இப்போது குழாய் கொள்ளாத கூட்டம்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இருக்கிறார்கள். இரண்டு பேர். நன்றாகச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலையில்லை.

சிக்கல் வேறு. குழாயில் தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. பஞ்சில் கறுப்பாகப் பூஞ்சை ஏறிவிட்டது. ஈரம் போனால் முதலில் புழுக்கள் சுருங்கும், பிறகு ராணி போவாள். ராணி போய்விட்டால் மிச்சமிருப்பவை கொஞ்ச நாள் சும்மா நடமாடிவிட்டு ஒவ்வொன்றாக முடிந்துபோகும். தலைகீழாகத் தட்டிக் கொட்டிவிடலாமே என்றால், அந்த நெருக்கடியில் ராணியின் ஒரு கால் ஒடிந்தாலும் எல்லாம் போச்சு. அவை தாமாக மனசு வைத்து, தாமாக நடந்து போகவேண்டும்.

புது வீடு தயாராகத்தான் இருந்தது. கட்டியவர் அக்காவின் கணவர். அவர் பல் செட் செய்பவர்.

3.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பல் செட் செய்பவரா? எறும்புக்கு வீடு கட்ட பிளாஸ்டர் தேவைப்படும் கதையில், பல் அச்செடுக்க வீட்டிலேயே மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டர் வைத்திருக்கும் கணவரா? நானே ஒரு வாசகனாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பேன்.

அதனால் ஒரு பிரதியில் அவரை வங்கி ஊழியராக்கிப் பார்த்தேன். வங்கி ஊழியர் கூட்டைக் கடையில் வாங்கிவிட்டார், கதை படுத்துவிட்டது. இன்னொரு பிரதியில் "எறும்பா, நானா, முடிவு பண்ணு" என்று கத்துகிற கணவராக்கினேன். அவர் கத்தவே மாட்டேன் என்றார். நான் எழுதக் காத்திருக்க, அவர் பாட்டுக்குக் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டிருந்தார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கட்டி. அதில் கடைவாய்ப் பல் அளவுக்கு அறைகள். புழுக்களுக்கு ஓர் அறை, குப்பைக்கு ஓர் அறை, ஈரம் காக்க ஓரத்தில் ஸ்பாஞ்சு. பல் செட்டில் ஈறு செதுக்குகிற கருவியால் சுவர்களை மழமழவென்று இழைத்திருந்தார். மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே சிவப்புத் தாள், ஏனென்றால் சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு இருட்டு மாதிரி. பழைய குழாய்க்கும் புது வீட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய்ப் பாதை.

அந்த மனிதருக்கு இதில் ஒரு தனி ஆசை இருந்தது. நல்ல பல் செட் என்பது யார் கண்ணிலும் படாத பல் செட். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒருவர்கூட அவர் வேலையைப் பார்த்து "அடடா" என்றதில்லை. சொன்னால் மாட்டியிருப்பவருக்குக் கோபம் வரும். வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலே கண்ணாடி போட்டு, பார்ப்பதற்கென்றே ஒன்றைச் செய்திருக்கிறார்.

எறும்புகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எறும்புகூட மதிக்கல," என்றார் அவர், பல் தேய்த்துக்கொண்டே.

"கோவிச்சுக்காதீங்க. அதுங்களுக்குக் கொஞ்சம் யோசிக்க டைம் குடுங்க," என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே சிவப்புத் தாளின் ஓரத்தைத் தூக்கி, டார்ச் அடித்து, உள்ளே யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

4.

எறும்பை நகர்த்துவதற்கு ஊரறிந்த ஒரு வழி உண்டு. பழைய வீட்டை வெளிச்சமாக்கு, புது வீட்டை இருட்டாக்கு. அதன்படி பழைய குழாயின் மேல் ஒரு மேசை விளக்கு ஏறியது. புது வீட்டுக்கு வெளிச்சம் போய்விடக் கூடாது என்று மற்ற விளக்குகள் அணைந்தன. விளைவு, வீட்டு மனிதர்கள் இருட்டில் தட்டைத் தடவிச் சாப்பிட்டார்கள். எறும்புகள் சகல வெளிச்சத்தோடும் குளிர்காய்ந்தன.

புது வீட்டு வாசலில் ஒரு சொட்டுத் தேன் வைத்தார் அக்கா. ஓர் எறும்பு வந்து, குடித்து, வயிறு உப்பியதும் பழைய வீட்டுக்கே திரும்பிப் போனது.

"விருந்துக்கு மட்டும் வர்ற ஆளுங்க," என்றார் கணவர்.

அக்காவுக்கு வகுப்பில் மனசு ஒட்டவில்லை. எந்தச் சாலையில் தொடங்கினாலும் என் கார் அவர் தெருவில்தான் போய் முடிந்தது.

"லெஃப்ட் எடுங்க சார். ஓரமா நிறுத்துங்க. எஞ்சின் ஓடட்டும், ஒரே ஒரு தடவ பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

மாடியேறி ஓடுவார். தாளைத் தூக்குவார், டார்ச் அடிப்பார், தொங்கிய முகத்தோடு இறங்கி வருவார். நானும் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்த என்னை விட்டால் ஆளில்லை.

(இந்தப் பகுதி கொஞ்சம் நீளுகிறதோ? திரும்பப் படித்துப் பார்த்தேன். நீளத்தான் செய்கிறது. ஒரு வரி நகர்வதற்குள் நான்கு தடவை திரும்பப் படித்தால் எந்தக் கதைதான் நகரும்?)

5.

உரிமத் தேர்வுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள், அக்கா விடிந்ததிலிருந்து வெளியே இருந்தார். வெயில் சாயும் நேரத்தில் வீடு திரும்பினால், கணவர் வாசலிலேயே நிற்கிறார். கையில் பாதி இழைத்த பல் வரிசை, முகத்தில் அதைவிடப் பெரிய பல் வரிசை.

"ஏங்க, என்ன?"

"சத்தம் போடாத. செருப்ப அங்கயே விட்டுட்டு வா."

பிளாஸ்டிக் பாதையில் வரிசை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு எறும்பின் வாயிலும் வெள்ளையாக ஒரு புழு. பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு. புழுக்களைக் கொண்டுபோய்விட்டால் பின்னாலேயே ராணியும் வந்துவிடுவாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கை தானாக டார்ச்சைத் தேடியது. சிவப்புத் தாளைத் தூக்கினார் —

(தூக்கும்போது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று நான் ஒரு பத்தி எழுதினேன். முதலில் 'பூரித்தது' என்று போட்டேன், பழசாக இருந்தது. 'மலர்ந்தது' அதைவிடப் பழசு. அகராதியை எடுத்தேன். அதில் வேறொரு சொல் கண்ணில் பட்டு, அதன் வேரைத் தேடிப் போய், டீ போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.)

நான் அடைப்புக்குறியை மூடுவதற்குள் எறும்புகள் திரும்பிவிட்டன.

அத்தனையும். இறக்கி வைத்த புழுக்களை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு, முட்டி மோதி, வந்த வழியே, பூஞ்சை பிடித்த பஞ்சுக்கே.

கணவர் அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார்.

"புது பல் செட்டு மாட்டினவன் நிமிஷத்துக்கு ஒரு தடவ கழட்டிக் கழட்டிப் பாத்தா, அது எப்பம்மா ஈறுல ஒக்காரும்? அதுங்க மாறமாட்டேன்னு சொல்லல. நீதான் விடமாட்டேங்கற!"

"நான் என்னங்க பண்ணேன்? பாக்கத்தான செஞ்சேன்?"

"அதத்தான் சொல்றேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எறும்புக்காக ஒரு பெரிய மனுஷி அழுவதா என்று கேட்பவர்கள், கையில் ஏந்தி வந்த ஓர் உயிர் தன்னால்தான் காய்ந்து போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. குழாயில் தண்ணீர் ஒரு நகக்கண் அளவுதான் மீதியிருந்தது.

6.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: காலையில் எழுந்து பார்த்தால் ராணி உட்பட எல்லோரும் புது வீட்டில். கணவர் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். இதில் சோப்பு விளம்பர வாடை அடிக்கிறது.

இரண்டு: தண்ணீர் தீர்ந்துவிட்டது. இதை எழுதிவிட்டு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பிட வேண்டியவன்.

மூன்று: இரண்டு வீடும் வேண்டாமென்று கூட்டம் மொத்தமும் யாரோ ஒருவரின் பல் செட்டுக்குள் குடியேறுகிறது, அவர் அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. எதை எழுதவேண்டுமானாலும் நான் அந்தச் சிவப்புத் தாளைத் தூக்கியாகவேண்டும். தூக்கினால் அவை திரும்பிவிடும். என்னுடைய அடைப்புக்குறிகளும் டார்ச் லைட்டுகள்தான்.

ஆகவே கடைசிப் பகுதியில் அடைப்புக்குறி கிடையாது. வாக்குக் கொடுக்கிறேன்.

7.

மறுநாள் காலை, கணவர் புது வீட்டின் மேல் சிவப்புத் தாளைப் போட்டு, அதற்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். பழைய குழாயின் மேல் விளக்கைப் போட்டார். அக்கா டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஒளிச்சு வையுங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க."

"நீ?"

"நான் இங்க இருந்தா பாத்துடுவேன்."

என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம்.

"இன்னைக்கு கிளாஸ் இல்லையே அக்கா?"

"இருக்கு. ஏறுங்க சார்."

ஏறினேன். அக்கா பக்கத்து இருக்கையில் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பிரேக் கீழே அநாதையாகக் கிடந்தது.

"அக்கா, பிரேக்..."

"உங்க கால்லயும் ஒண்ணு இருக்கு சார்."

ஒரு நாய் குறுக்கே வந்தது, நிஜமாகவே. நான் மிதித்தேன். கார் நின்றது. நாய் என்னைப் பார்த்துவிட்டு நடந்து போனது. அக்கா கண்ணை இறுக்க மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அவர் தெரு வந்தது.

"லெஃப்ட்டாக்கா?"

"நேரா."

தாண்டினோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள். ராணி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது ஒன்றுதான் இப்போது அவளுக்கு நான் செய்யக்கூடிய உதவி. இந்தப் பக்கத்தை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

அக்காவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

"அவர்தான்," என்றார் அக்கா. கணவருக்கென்றே வைத்த ரிங்டோன்.

"எடுங்கக்கா. என்னன்னு கேளுங்க."

அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

"ரோட்ட பாத்து ஓட்டுங்க சார்," என்றார்.

நான் மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.