இரண்டாவது டிஸ்க்

"எவ்வளவு குடுத்தான்னு மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

"அக்கா, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"சூளை மேஸ்திரி என்ன குடுத்தான்? ஆடு குடுத்தானா? மாவு மூட்டையா?"

"...ஒரு நிமிஷம் கேளுங்க, நான் யார் கையிலயும் எதையும்..."

"என் புருஷன் விரலுக்கு என்ன விலை போட்டீங்கன்னு கேக்கறேன்!"

குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரும்புச் சுவரில் மோதித் திரும்பின. கராகோல் ஊர்ச் சந்தையில் கடை என்றால் பழைய சரக்குக் கண்டெய்னர்தான். ஒருத்தி கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். எதிர்க்கடைக்காரன் சேணத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். புருல் கண்ணாடி மேடைக்குப் பின்னால் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் கோட்டு என்று நின்றாள். அப்படியும் விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. மேடைக்கு இந்தப் பக்கம் மரிபா. சால்வை தலையிலிருந்து நழுவியதைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் தம்பி குபாத், கழுத்தில் கேமராவோடு, தரையைப் பார்த்தபடி.

மரிபா டிஸ்க்கை மேடைமேல் தட்டினாள். "இதுல கல்யாணம் இருக்கு. பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்கான், அறுத்த ஆடு இருக்கு. மெஷின் எங்கே?"

மரிபாவின் புருஷன் எசென், ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் களிமண் அழுத்தும் மெஷினில் நின்றவன். போன சனிக்கிழமை அவன் வலது கை உருளைகளுக்குள் போய்விட்டது. கட்டைவிரல்தான் மிச்சம். உருளைக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பு வலையைத் தான் கண்ணாலேயே பார்த்ததில்லை என்றான் அவன். வலை எப்போதும் இருந்தது, அவனே கழற்றிவிட்டுக் கையை விட்டான் என்றது சூளை. இப்போது போய்ப் பார்த்தால் வலை இருக்கிறது, பச்சைப் பெயின்ட் வாசனையோடு. ஆனால் விபத்து நடந்த அன்றைக்கே மரிபா போன் போட, குபாத் பக்கத்துத் தெருக் கல்யாணத்திலிருந்து கேமராவோடு ஓடிப் போய், வலையில்லாத மெஷினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருந்தான். நாளைக் காலை இன்ஸ்பெக்டர் விசாரணை. படம் இருந்தால் நஷ்ட ஈடு. இல்லையென்றால் எசென் தன் கையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவன்.

"கேமராக் கார்டுலயாவது இருக்காடா?" என்று மரிபா மறுபடியும் தம்பியிடம் திரும்பினாள்.

"எத்தனை தடவை கேப்பே அக்கா? இங்க காலி பண்ணித்தான் குடுத்தாங்க. அதுக்கு மேல நேத்து வேற கல்யாணம் எடுத்தாச்சு. நிறைஞ்சு கெடக்கு."

காலி செய்து கொடுப்பது கடையின் வழக்கம். குளிர்காலம் முழுக்கப் பகலில் கரண்ட் போய்விடும். கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகள் கதவைச் சாத்திக்கொண்டு போகும். புருலின் முதலாளி சமத் மட்டும் எங்கிருந்தோ ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்திருந்தான். உள்ளேயே பேட்டரி. பக்கவாட்டில் கார்டைச் செருகி, தட்டில் டிஸ்க்கை வைத்து, பொத்தானை அமுக்கினால் கேமராப் படமெல்லாம் டிஸ்க்குக்குப் போய்விடும். தட்டு வெளியே வந்தால் வேலை முடிந்தது. இன்னொரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் கார்டு சுத்தம். ஊரில் கல்யாண போட்டோ எடுக்கிற அத்தனை பேரும் இங்கேதான் வந்தார்கள். 'ஆளுக்கு ஒரு டிஸ்க், கார்டைக் காலி பண்ணிக் கையில குடு, அடுத்த ஆளைக் கூப்பிடு' என்று சமத் சொல்லியிருந்தான்.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு." மரிபா குரலைத் தாழ்த்தினாள். கத்தியதைவிட அது புருலுக்குப் பயமாக இருந்தது. "இவன் கார்டு குடுத்த அன்னைக்கு மேஸ்திரி இந்தக் கடைக்கு வந்தானா, இல்லையா?"

புருல் பொய் சொல்லத் தெரியாமல் நின்றாள். "வந்தார். சூளைக்குள்ள போற பாஸுக்குப் போட்டோ எடுக்க. சூளை ஆளுங்க போட்டோவெல்லாம் நாங்கதானே..."

"பாத்தியா! பாத்தியாடா குபாத்!"

"அக்கா, அவர் வந்தப்ப குபாத் இன்னும் வரவே இல்ல. உங்க கார்டு இங்க இல்லவே இல்ல."

"பொட்டி இருந்துச்சுல்ல? முதலாளி இருந்தான்ல?"

முதலாளி என்றதும் புருலுக்கு நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. நேற்று மரிபா முதன்முதலில் வந்து கேட்டபோதே அவள் சமத்துக்குப் போன் செய்திருந்தாள். எந்தப் படம், யாருடைய படம் என்று அவன் துருவித் துருவிக் கேட்டான். 'சரி, யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க' என்று வைத்துவிட்டான். இன்று காலையிலிருந்து ஆளைக் காணவில்லை. கடை திறக்கிற நேரத்தில் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை அவன்.

"அந்தப் பொட்டியை டீவியில மாட்டி, டிஸ்க்கைப் போட்டுப் படம் பாக்கலாம்தானே?" என்றான் குபாத். "வீட்டுல கரண்டு வந்த கொஞ்ச நேரத்துல மெஷின் இருக்கான்னு கடைசிப் படங்கள மட்டும்தான் பாத்தோம். முழுசாப் பாப்போம்."

பக்கத்துக் கண்டெய்னரில் கம்பளிக் காலுறை விற்கும் லூபா அத்தையிடம் லாரி பேட்டரியில் ஓடுகிற ஒரு டீவி இருந்தது. மதிய நாடகத்துக்காக வைத்திருந்தாள். மூன்று பேரும் பெட்டியும் ஒயருமாக வந்து நின்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"என் நாடகத்துல இன்னைக்குத்தான் அவ புருஷன் திரும்பி வரான்."

"அத்தை, அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல அவன் மறுபடியும் ஓடிப்போயிடுவான். சரி, மாட்டுங்க. டீ யாருக்கும் கெடையாது."

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெண்ணுக்குத் தோடு போடுகிறார்கள். வெள்ளைச் சால்வை போர்த்துகிறார்கள். அவளைச் சுற்றிக் கிழவிகள்.

"பொண்ணு அழுத முகமே இல்லையே" என்றாள் லூபா அத்தை. "என் காலத்துல நாங்கெல்லாம் ஊர் கேக்க அழுவோம்."

"நீங்க மூணு தடவை கட்டினீங்க, அத்தை" என்றான் குபாத்.

"மூணு தடவையும் அழுதேன்டா."

மரிபா சிரிக்கவில்லை. டீவியை விட்டுக் கண்ணை எடுத்து, புருலின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கை எந்தப் பொத்தானைத் தொடுகிறது என்று. சாப்பாட்டு மேஜை வந்தது. பெரியவர் ஒருவர் விருந்து மரியாதையாக ஆட்டுத் தலையைத் தட்டோடு வாங்குகிறார், ஏதோ சொல்ல வாய் திறந்திருக்கிறார். அத்தோடு திரை நீலமாகிவிட்டது.

"முடிஞ்சுது" என்றாள் மரிபா. "இதுக்கு அப்புறம் வர வேண்டியது என் புருஷன் கையைத் தின்ன மெஷின். யாரோ எடுத்துட்டாங்க."

"இரு, இரு." குபாத் டீவிக்குக் கிட்டே போனான். "ஆட்டம் எங்கே?"

"என்ன ஆட்டம்?"

"ஆட்டுத் தலை குடுத்ததுக்கு அப்புறம் எல்லாரும் ஆடினாங்க அக்கா. அதை எடுத்தேன். மாப்பிள்ளையோட மாமா விழுந்தாரே, அதையும் எடுத்தேன். அதுக்கப்புறம்தான் நீ போன் பண்ணினே. ஆட்டமும் இல்ல, மெஷினும் இல்ல." அவன் புருலைப் பார்த்தான். "மேஸ்திரிக்கு மெஷின் படம் வேண்டாம், சரி. மாமா விழுந்தா அவனுக்கென்ன?"

லூபா அத்தை கேட்காமலே மூன்று கோப்பையில் டீ ஊற்றினாள்.

புருல் அந்த நாளை மறுபடி தலைக்குள் ஓட்டிப் பார்த்தாள். குபாத் கார்டைக் கொடுத்தான். பெட்டி முனகியது. தட்டு வெளியே வந்தது. டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டாள். பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாளா? பார்த்தாள். அன்று கடைக்குள்ளேயே தண்ணீர்ப் பாட்டில் கட்டியாகக் கிடந்தது. அந்தக் குளிரில் திரை மை கொட்டினாற்போல் கறுத்துப்போயிருந்தது. காலை வேளைகளில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். தட்டு வந்தது, அவ்வளவுதான் பார்த்தாள்.

"குபாத், இந்தக் கார்டு புதுசா?"

"ஆமா. பெருசு. அந்தக் கல்யாணத்துக்குத்தான் மொதல்ல போட்டேன்."

"நேத்து எடுத்ததும் இதுலதான் நிறைஞ்சிருக்கா? குடு."

அவள் பெட்டியைக் கோட்டுக்குள், ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக் கட்டிக்கொண்டு தன் கடைக்கு நடந்தாள். இரும்பின் குளிர் தோலில் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன நாடகம்?" என்றாள் மரிபா. "பொட்டியை எங்க ஒளிக்கிறே?"

"ஒளிக்கல. சூடாகணும்."

"முட்டையா அது?"

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியை வெளியே எடுத்தாள். கறுத்த திரை மெதுவாக வெளிறி, எழுத்துகள் மேலே மிதந்து வந்தன. புது டிஸ்க்கை வைத்தாள். கார்டைச் செருகினாள். பொத்தானை அமுக்கினாள். மேடையின் இரு பக்கத்திலிருந்தும் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தட்டு வெளியே வந்தது. எப்போதும் வருகிற மாதிரியேதான் வந்தது.

திரை புருலின் பக்கம் இருந்தது. ரஷ்ய எழுத்தில் ஒரே வரி. *இரண்டாவது டிஸ்க்கைப் போடவும்.*

அவள் மட்டும்தான் அதைப் பார்த்தாள். தட்டை உள்ளே தள்ளினால் போதும், அந்த வரி அழிந்துவிடும். இதைக் காட்டி வேலை போய், வேறு வேலை தேடிப் போனால் இந்த ஊரில் குளிர்காலத்தில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஸ்கூலுக்கு ஒருத்தி போட்ட பூட்ஸை வந்து கழற்றினால்தான் அடுத்தவள் போக முடியும்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் மரிபா. "காட்டு."

புருல் பெட்டியைத் திருப்பி வைத்தாள்.

மரிபா உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் படித்தாள். "அப்படின்னா..."

"ஒரு டிஸ்க்கு கொள்ளல அக்கா. பாதிதான் ஏறியிருக்கு. மீதிக்கு இன்னொண்ணு கேட்டிருக்கு. எனக்குத் தெரியல. திரை கறுத்துக் கெடந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சு..." அவள் கார்டைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான் கார்டை அழிச்சேன்."

அடி விழும் என்று நினைத்தாள். மரிபா மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது முகத்தில் கோபத்தின் இடம் காலியாக இருந்தது.

"அப்போ யாரும் காசு வாங்கல."

"இல்ல அக்கா."

"இதையே நாளைக்கு வந்து சொல்லு. பொட்டியையும் கொண்டா. அந்த இன்ஸ்பெக்டர் முன்னால இதே மாதிரி வச்சுக் காட்டு. படம் இருந்துச்சு, கடையில போச்சுன்னு சொல்லு. ஆட்டம் ஆடினது ஊருக்கே தெரியும், அது டிஸ்க்ல இல்ல. அவங்க நம்புவாங்க. நம்பணும்."

"நானும் அந்த மாப்பிள்ளையோட மாமாவைக் கூட்டிட்டு வரேன்" என்றான் குபாத். "விழுந்தேன்னு ஒத்துக்குவாரோ மாட்டாரோ."

அப்போதுதான் வாசலில் சமத்தின் குரல் கேட்டது. "வழி விடுங்க, வழி விடுங்க, சுட்டுக்கப் போறீங்க!" சுடவில்லை, அவன் கையில் இருந்தது இன்னும் பற்றவைக்காத, குளிர்காயும் கெரசின் அடுப்பு ஒன்று, இடுப்பு உயரத்துக்கு. அதை மூச்சு வாங்க இறக்கி வைத்தான். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினான். மரிபாவைப் பார்த்ததும் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"வாங்க அக்கா. எசென் அண்ணன் எப்படி இருக்கார்? கேட்டேன்னு சொல்லுங்க." புருலிடம் திரும்பினான். "புருலக்கா, ரெண்டு குளிர்காலமா கேட்டுட்டே இருந்தீங்கல்ல? இந்தாங்க. இனிமே கடையில குளிரே கெடையாது."

"சமத், அன்னைக்குக் குளிர்ல திரை..."

"எந்தத் திரை?" அவன் பெட்டியை எடுத்துப் பார்த்தான். "நல்லா பளிச்சுனு தெரியுதே. கார்டுல என்ன இருந்துச்சோ அது டிஸ்க்ல இருக்கு. கல்யாணம் இருந்துச்சு, கல்யாணம் இருக்கு. இதுல நமக்கு வேற என்ன தெரியும்?"

"ஆட்டம் இல்லையே!" என்றான் குபாத்.

"நீ எடுக்க மறந்திருப்பே தம்பி. கல்யாண வீட்டுல ஊத்திக் குடுத்தா யாருக்குத்தான் மறக்காது?" சமத் பெட்டியை அணைத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். "இதைச் சர்வீஸுக்குக் குடுக்கணும். அப்புறம் புருலக்கா, நாளைக்குக் கருக்கல்லயே கடை திறந்துடுங்க, நகரக் கூடாது. சூளையில புது வருஷப் பாஸ், அத்தனை ஆளும் போட்டோவுக்கு வராங்க. பொறுப்பா இருக்கறவங்க வேணும்னு அவங்க கேட்டாங்க. உங்க பேரைத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எப்பப் போய்ச் சொன்னீங்க?"

"காலையிலதான்." அவன் தீப்பெட்டியைத் தேடினான்.

அடுப்பு பற்றியது. நீலமாகக் குதித்து, பிறகு மஞ்சளாக அடங்கி எரிந்தது. சேணக்கடைக்காரனுக்கு எதையோ சொல்லிக்கொண்டே சமத் வெளியே போனான். கண்டெய்னருக்குள் முதல் தடவையாகச் சூடு கிளம்பி, கண்ணாடி மேடையில் படிந்திருந்த உறைபனி ஓரத்திலிருந்து உருகத் தொடங்கியது. புருல் அறியாமலே கைகளை நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகு மடக்கவும் முடியவில்லை.

மரிபா குனிந்து அடுப்பின் அடித்தகட்டைப் பார்த்தாள். கைப்பிடியின் இடுக்கில், திருகுகளைச் சுற்றி, கால்களின் உள்பக்கத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூசு அப்பியிருந்தது. ஒரு விரலால் அதை வழித்தாள். கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். பிறகு மேடையின் ஈரக் கண்ணாடியில், புருலின் கைகளுக்கு நேராக, அந்த விரலை வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தாள். ஈரத்தில் அது சிவப்பாக ஊறிப் பரவியது.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் துவைக்கற சூளை அழுக்கு இது. எனக்குத் தெரியாதா?" என்றாள். சால்வையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நாளைக்குக் காலையில நீ எங்க இருப்பே, புருல்?"