டெட்டால் வாடை

கேசரித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாள் அதைத் தொடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூடத்தின் கோடியில் பூட்டியிருந்த அறையையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வாடை வருதே" என்றாள்.

டெட்டால் வாடைதான். காலையில் நானும் என் நாத்தனார் அபிதாவும் ஊற்றிக் கழுவியது. பெண் பார்க்க வருகிற நாளில் அதைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் காளானுக்கு நல்ல நாள் தெரியுமா, கெட்ட நாள் தெரியுமா?

எண்பத்து நாலாம் வருஷம் ஆரணியில் எந்த வீட்டில் காளான் வளர்த்தார்கள்? தெள்ளாரில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்த அபிதா, பழைய தறியைப் பிரித்துக் காலியாகக் கிடந்த அறையை அடம்பிடித்து வாங்கினாள். அவித்த வைக்கோலையும் காளான் விதையையும் பாலித்தீன் பைகளில் அடைத்து உறியில் தொங்கவிட்டாள். முதல் தடவை அத்தனையும் பச்சைப் பூசணம் பிடித்து நாறிப்போனது. யாரோ கை கழுவாமல் தொட்டிருக்கிறார்கள். பாவம், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. இந்தத் தடவையும் கெட்டால் அங்கே மறுபடி தறி இறக்கிவிடுவேன் என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம், கறாராகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து கை கால் கழுவி வாயில் துணி கட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. நேற்றுத்தான் பை ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாக மொட்டு எட்டிப் பார்த்தது.

ரேணுகாம்பாள் வந்தவாசியிலிருந்து வந்து இறங்கியதும் எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து விசாரித்திருக்கிறாள். நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய்வருவதை மட்டும் எதிர்வீட்டு மகராசி சொல்லியிருக்கிறாள். காளான் என்று சொல்ல நாக்கு எழவில்லை போல.

"மறைக்காம சொல்லுங்க. யாருக்கு டீ.பி.?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் காளான் என்று சொன்னார். அவருக்கே அதில் வெட்கம், அதனால் பொய் மாதிரி கேட்டது. காளான் என்றால் திறந்து காட்டுவதற்கென்ன என்று அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருமாக எழுந்துவிட்டார்கள். பஸ் புழுதியோடு இத்தனை பேர் உள்ளே புகுந்தால் பைகள் போச்சு. திறக்காவிட்டால் சம்பந்தம் போச்சு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அபிதாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது.

"சாவியக் குடு அபிதா, ஜல்தி" என்றார் அவள் அண்ணன்.

உள்ளிருந்து பட்டுப்புடவையில் வந்த அபிதா சாவியைக் கொடுக்கவில்லை. முற்றத்துக்குப் போய், தலையில் நான் வைத்துவிட்ட மல்லிகைச் சரத்தை உருவி என் கையில் வைத்தாள். பூவில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒட்டியிருக்கும், அந்த அறைக்குள் ஆகாது. அது எனக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியுமா? பெண் பார்க்க வந்த நேரத்தில் பெண் தன் கையாலேயே பூவை எடுக்கிறாள். கூட்டத்தில் யாரோ "அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் நிதானமாகக் கை கால் கழுவி, வாயில் துணியைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வாங்கம்மா. கை கால் கழுவிகினு, பூவ எடுத்துட்டு, முந்தானையால வாயப் பொத்திகினு வாங்க. உள்ள யாரும் படுத்துகினு இல்ல. நீங்களே பாத்துக்கங்க."

ஒரு சுமங்கலியைப் பார்த்துப் பூவை எடு என்கிறாள். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். மாப்பிள்ளையோ அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேணுகாம்பாள் எழுந்தாள். தெருவுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். முற்றத்துக்கு வந்து, அபிதாவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொண்டைக்குக் கையைக் கொண்டுபோய்க் கனகாம்பரச் சரத்தை உருவினாள். நான் கையை நீட்டினேன். என்னிடம் தரவில்லை.

"இந்தா, புடிடா" என்று மகனைக் கூப்பிட்டாள்.

புடவையை லேசாகத் தூக்கிக் காலை நீட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். கையையும் கழுவிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை இரண்டு கையிலும் பூவை ஏந்தியபடி நின்றான். அபிதா பூட்டைத் திறந்தாள்.