ஏறாத பிறசர்

இணுவிலில் குகதாசனுடைய வீட்டுக் கேற்றில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. ‘ஓய்வுநிலைப் பிரதிப் பணிப்பாளர்’ என்று எழுதுவதற்கே இடம் முடிந்துபோனதால், எந்தத் திணைக்களம் என்பது விடுபட்டுவிட்டது. அதைக் கேட்பதற்கும் இப்போது ஆளில்லை. மனைவி காலமாகி இரண்டு வருடம். மகள் கனடாவில். ஊர்ச் சனசமூக நிலையத்தார்கூட ஆண்டு விழாவுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். போனமுறை இவர் தலைமையுரையை முடித்தபோது பிள்ளைகளின் நடனத்துக்கு நேரம் மிஞ்சவில்லை.

ஆகவே அவர் வாய் திறந்து கதைக்கிற இடம் ஒன்றுதான் மிச்சம்: ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்க்கிற பிறசர் கிளினிக்.

அதுவும் தற்செயலாகக் கிடைத்த பாக்கியம். ஒருநாள் செத்தவீடு ஒன்றுக்குப் போய், அங்கே கொடுத்த கடுங்கோப்பியைக் குடித்த கையோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். நேர்ஸ் றொசாந்தி அவர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். புருவம் உயர்ந்தது.

“கோப்பி குடிச்சனீங்களோ ஐயா? அந்த வாங்கிலை அரை மணித்தியாலம் ஆறி இருங்கோ. திரும்பப் பாப்பம்.”

சுவரோரமாகக் கிடந்த அந்த நீள வாங்கில் ஏரம்பு என்பவர் ஏற்கெனவே இருந்தார். மருதனார்மடத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். என்ன குளிசை போட்டாலும் அவருடைய பிறசர் இறங்குவதில்லை.

“வாங்கோ டிரெக்டர்! உங்களுக்கும் ஏறிப்போச்சோ? உங்களிட்டைக் கையெழுத்து வாங்காமல் அது ஏறாதெண்டெல்லோ நான் நினைச்சன்.”

குகதாசனை யாரும் பகிடி பண்ணிப் பல காலம் ஆகியிருந்தது. முதலில் முகம் சிவந்தது. பிறகு, என்ன இது, நெஞ்சுக்குள் இதமாக இருக்கிறதே என்று அவருக்கே வியப்பு. அரை மணித்தியாலமும் தான் எழுதிய ஒரு சுற்றறிக்கையின் வரலாற்றைச் சொன்னார். ஏரம்பு கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் நடுவில் “பிறகு?” என்றார். திரும்பப் பார்த்தபோது பிறசர் இறங்கியிருந்தது. இருந்தாலும் றொசாந்தி, “எதுக்கும் அடுத்த கிழமையும் வாங்கோ” என்றாள்.

அடுத்த கிழமை, செத்தவீடு எதுவும் அகப்படாததால், சந்தித் தேநீர்க்கடையில் கடுங்கோப்பி ஒன்று குடித்துவிட்டுப் போனார். ஏறியிருந்தது. வாங்கு கிடைத்தது. ஏரம்பும் கிடைத்தார். அதற்கடுத்த கிழமையும் அப்படியே. தன் இரத்தக் குழாய்களுக்கே லஞ்சம் கொடுத்து ஆசனம் பெற்ற முதல் அரச உத்தியோகத்தர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நிர்வாக மூளை சும்மா இருக்குமா? ஒரு கோப்பிக்கு இவ்வளவு பலன் என்றால், அதை ஏன் விரிவாக்கக்கூடாது? விடிய ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று தினசரித் திட்டம் ஆரம்பமாகியது. வெறும் வீட்டில் கேத்தில் கொதிக்கிற சத்தமும் ஒரு துணையாக இருந்தது. கிழமைகள் போகப்போகப் பட்டி காட்டிய இலக்கம் படியிறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒருநாள் றொசாந்தி சிரித்தாள்.

“நல்லா இருக்கு ஐயா. வீட்டை போகலாம். இனி மூண்டு மாசத்தாலை வந்தாப் போதும்.”

“வடிவாப் பாத்தீரோ பிள்ளை? நான் இப்பதான் கோப்பி குடிச்சிட்டு வாறன்.”

“நெடுகக் குடிக்கிறனீங்களோ?”

“ஓம். மூண்டு நேரமும்.”

“அதுதான். நெடுகக் குடிக்கிற ஆக்களுக்கு உடம்பு பழகிப்போடும், பெரிசா ஏத்தாது. எப்பவாவது குடிச்சாத்தான் சட்டெண்டு ஏறும்.”

குகதாசன் வாங்கைப் பார்த்தார். ஏரம்பு தன் பையை மடியில் தூக்கி வைத்து இடம் விட்டிருந்தார். போய் இருந்தால் சரி. யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. ஆனால் ஏறாத பிறசரோடு அங்கே போய் இருப்பதென்றால், வீட்டில் கதைக்க ஆளில்லை என்று ஊருக்கே அறிவித்த மாதிரி அல்லவா? அதைவிட மெசினைக் குற்றம் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

“உது என்ன கண்டறியாத மெசின்? இல்லாட்டி உமக்குப் பாக்கத் தெரியாதோ? ஆர் உம்மை இதிலை கொண்டுவந்து இருத்தினது? நான் ஆரெண்டு தெரியுமோ? உம்மை மாதிரி எத்தினை பேரைத் தூக்கி மாத்தினனான்!”

றொசாந்தியின் கண் கலங்கிவிட்டது. மறுபடி பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள். ஏறியிருந்தது, கோப்பி ஒருநாளும் ஏற்றாத அளவுக்கு ஏறியிருந்தது.

“வாங்கிலை இருங்கோ ஐயா.”

போய் இருந்தார். ஏரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஏரம்பு, ஒண்டும் கதைக்கேல்லை?”

“என்னத்தைக் கதைக்க? உந்தப் பிள்ளை குருநகரிலையிருந்து விடியப்புறம் பஸ்ஸேறி வாறது. அதைப் போய்…”

குகதாசன் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

“உம்மடை வெங்காயம் இந்தமுறை என்ன மாதிரி?”

ஏரம்புவைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“அது கிண்டி வித்தும் முடிஞ்சுது. போன மாசம் இதிலை இருந்துதானே உங்களுக்குச் சொன்னனான்.”

ஏரம்பு பையைத் தூக்கிக்கொண்டு வாங்கின் மற்ற முனைக்கு நகர்ந்தார்.

ஆசைப்பட்ட அரை மணித்தியாலம் முழுதாகக் கிடைத்தது. மேடையில் இருப்பவர்போல நிமிர்ந்து இருந்தார். அவரைச் சுற்றி இருவர் மூவர் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

றொசாந்தி திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“இறங்கீட்டுது ஐயா. மூண்டு மாசம்.”

“பிள்ளை…” என்று தொடங்கினார். ஒரு கதிரை கேட்பதற்கு மூன்று பக்கம் எழுதியவருக்கு அடுத்த சொல் வரவில்லை. அவள் பட்டியை அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் அடுத்த பெயரைக் கூப்பிட, குகதாசன் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி எழும்பினார்.