ஜோடி நின்ற அணுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். அவளுடைய நுண்ணோக்கிக்குக் கண்ணாடி வில்லை கிடையாது, ஊசிதான். முனையில் ஒற்றை அணு நிற்கும் அளவுக்குக் கூரான ஊசி. அது பரப்பைத் தொடாமல் மேலே ஊர்ந்து போகும். இடையில் பாயும் துளி மின்சாரத்தை வைத்துக் கணினி மேடுபள்ளத்தைப் படமாக வரையும். இத்தனை பெரிய இயந்திரத்துக்கு ஊசி செய்யும் விதம்தான் வேடிக்கை. கம்பியை இழுத்துப் பிடித்துக் கத்தரிக்கோலால் சாய்வாக ஒரே வெட்டு, அவ்வளவுதான். அதில் அவளுக்குக் கைராசி என்று பேச்சு.

நேற்று எடுத்த படத்தில் அணுக்கள் ஜோடி ஜோடியாக நின்றன. அப்படி யாரும் பார்த்ததில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். சும்மாவே வாய் ஓயாத மனிதர். காலையில் தன் சைக்கிள் கடையைத் திறந்ததும் வந்தவர் போனவரிடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார்.

இன்று படத்தை மறுபடி பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. எல்லா ஜோடிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஊசிக்கு அடியில் இருந்த மாதிரித் துண்டைச் சற்றுத் திருப்பி வைத்துப் படம் எடுத்தாள். அணு வரிசைகள் திரும்பின, ஜோடிகளின் சாய்வு திரும்பவில்லை. அப்படியானால் கோளாறு மாதிரியில் இல்லை, ஊசியில். ஊசி முனையில் இரண்டு அணுக்கள் துருத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகக் காட்டியிருக்கின்றன. கைராசியாம் கைராசி.

வேறு ஊசி வெட்டினாள். இப்போது அணுக்கள் ஒழுங்காகத் தனித்தனியாக நின்றன. அந்த நேரம் பார்த்துக் கணவர் சாப்பாட்டுப் பையுடன் வந்து நின்றார்.

"என்னங்க, நேத்து சொன்னது தப்பு. ஜோடியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஊசி சரியில்ல. நீங்க வேற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க கடைப்பக்கம் வருவேன்?"

அவர் திரையருகே குனிந்தார். "இந்த உருண்டை ஒவ்வொண்ணும் அணுவா?"

"ஆமா."

"நிஜ அணு?"

"நிஜ அணுதான்."

"அப்புறம் என்ன? என் பொண்டாட்டி அணுவையே பாக்குறான்னுதான் நான் சொன்னேன். ஜோடி கீடின்னு நீ சொன்னதெல்லாம் எனக்கு எங்க புரிஞ்சுது?"

இத்தனை வருடமாக அணுவைப் பார்க்கிறாள். அது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியான சங்கதி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே அவருக்குப் போட்டாள். சாப்பாடு கொஞ்சம் ஆறினால் ஆறட்டும்.