உள் கேமரா

பல் டாக்டருக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், ஆடுகிற பல்லை நாக்கு நோண்டுவதுபோல நோண்டிக்கொண்டே இருப்பாள். இந்தத் தடவை அதைக் கிளப்பிவிட்டது புதுக் கார்.

காருக்கென்று தனி சிம், மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்திருந்தான். வழி காட்டும் மேப்பும் பாட்டும் அதில்தான் ஓட வேண்டும். முதல் மாதம் பாதிகூடப் போகவில்லை, ‘உங்கள் காரின் டேட்டா தீர்ந்துவிட்டது’ என்று அவள் போனுக்குத் தகவல் வந்தது. அடுத்த மாதமும் அதே கூத்து. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போய்வருகிற வண்டிக்கு அப்படி என்ன கேடு?

காரில் பொழுதெல்லாம் இருப்பது அவள் புருஷன்தான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடியதிலிருந்து அவளைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவர் பொறுப்பு. கிளினிக்குக்குள் வந்து உட்கார மாட்டார். வாயில் பஞ்சு அடைத்திருக்கிறவர்கள்கூட ‘சார் என்ன பண்றீங்க?’ என்று கேட்டுவிடுகிறார்களாம். எதிர்ப்பக்கம் மர நிழலில் காரை நிறுத்திக்கொண்டு சாயங்காலம்வரை அதற்குள்ளேயே இருப்பார்.

“கார் நெட்ல அப்படி என்னங்க பாக்கறீங்க?” என்று ஒருநாள் வாயைக் கிண்டினாள்.

“நான் எதுக்கு அதைத் தொடறேன்? என் போன்லயே நெட் இருக்கே.”

பதில் பட்டென்று வந்தது. அவ்வளவு பட்டென்று வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கார் வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் போனில் காரின் கேமராவைத் திறந்து, எவனாவது கீறிவிட்டானா, காக்கை எச்சம் போட்டுவிட்டதா என்று பார்ப்பாள். புது மோகம், வேறென்ன! அப்படியே ஓடவிட்டுப் பல் பிடுங்கப் போய்விடுவதும் உண்டு. இப்போது வெளிக் கேமராவை விட்டு உள் கேமராவுக்குத் தாவினாள். அதில் படம் மட்டும்தான் வரும், பேச்சு கேட்காது.

பார்த்தால், மனுஷன் கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். வாய் ஓயாமல் அசைந்தது. கையை ஆட்டி என்னவோ விளக்கினார். வீட்டில் ‘ம்’, ‘சரி’ என்பதைத் தாண்டாத மனுஷன்!

“சார் யார்கிட்டயோ வீடியோல பேசறாரு போல டாக்டர்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உதவிக்கு இருக்கும் நர்ஸ். “காலரைச் சரிபண்றாரு பாருங்க. ஐயய்யோ, வெக்கம் வேற!”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் அவளை விரட்டவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று டாக்டர் முடிவு கட்டினாள். ஒருநாள் வீடு திரும்பும்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கார் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். குரல் கார் ஸ்பீக்கரில் வந்தது. வரட்டும், அவரும் கேட்கட்டும்.

“செக் பண்ணிட்டேன் மேடம். பாட்டு, மேப் எல்லாம் ரொம்பக் கம்மி. கார் வைஃபைல யார் போனும் கனெக்ட் ஆகவே இல்ல. எல்லாமே லைவ் கேமராவுக்குத்தான் போயிருக்கு. உங்க போன்ல இருந்து தினமும் மணிக்கணக்கா பாத்திருக்கீங்க. இப்ப கொஞ்ச நாளா உள் கேமராதான் அதிகம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

டாக்டர் இணைப்பைத் துண்டித்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் காரை ஓரம் கட்டினார்.

“உள் கேமரா எங்க இருக்கு?”

கண்ணாடிக்கு மேலிருந்த கறுப்புப் புள்ளியைக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் பேசிக்கிட்டிருந்ததை எல்லாம் பாத்திருக்கே.”

“யார்கிட்டப் பேசினீங்க?” அந்த நிலையிலும் கேட்டாள் மகராசி.

“யார்கிட்டயும் இல்ல. ஒரு கம்பெனில இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்த வயசுல போய் நிக்கணும். சிரிச்ச முகமா பேசணுமாம். கண்ணாடியைப் பாத்துப் பழகிக்கிட்டிருந்தேன். கிடைச்ச பிறகு சொல்லலாம்னு நினைச்சேன்.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனுஷனைப் போய்!

அவர் மறுபடி பேசியபோது குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

“நீ பாத்தது பரவாயில்ல. அந்த நர்ஸ் பொண்ணும் பாத்துச்சா?”

“சேச்சே! நான் மட்டும்தாங்க பாத்தேன்,” என்றாள் டாக்டர், பட்டென்று.

அவர் உடனே நம்பிவிட்டார்.