அம்சவல்லி குடிக்காத காப்பி

“நீதான லாரி நிக்குதுன்னு ஓடுன, நான் என்ன...” “ஓடுனனா? கேட்டுலயே நின்னுகினு இருந்தேங்க்கா, நீங்கதான் சரி போய்ட்டு வான்னு...” “வேண்டாம்னு சொன்னது யாரு?” “சொன்னா? ஒடனே வுட்டுடறதா?”

அதேதான், போனில் அம்சவல்லி கேட்கிற இதையேதான் அந்த நாவலில் பர்வீனும் கேட்கிறாள், நூலகத்தில் எடுத்த ஈரான் கதை, தமிழில் பெயர்த்தது, வருணனை வந்தால் தாண்டிவிடுவேன், எனக்குக் கதை என்றாலே பேச்சுதான், தெஹ்ரானில் இரண்டு பெண்கள் பேசுவது எனக்கு அம்சவல்லி குரலிலும் என் குரலிலுமே கேட்கிறது... தேநீர் குடியுங்கள், வேண்டாம், குடியுங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம், எனக்காகக் குடியுங்கள்... மூன்றாம் தடவைதான் கை கிளாஸுக்குப் போகிறது. தாரோஃப் என்று அதற்குப் பெயராம். முதல் இரண்டு வேண்டாமும் மரியாதைக்கு, மனசு மூன்றாவதில். படித்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன், போனை எடுத்துவிட்டேன், ஆறு வருஷத்துக்குப் பிறகு.

இருபத்தாறு வருஷம் பதினாறாம் பிளாக்கில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ், அவள் வீட்டுக்காரர் ரிட்டையராகி, சாமானை லாரியில் ஏற்றிக் குறிஞ்சிப்பாடிக்குப் போன காலையில் காப்பி டம்ளரோடு கேட்டுக்குப் போனேன், ஒரே ஒரு தடவை கேட்டேன், இன்னொரு தடவை கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம், அது அவளுக்கு எப்படித் தெரியும்? தினமும் நேரே என் அடுப்படிக்குள் வந்து தானே டிகாக்ஷன் போட்டுக் குடித்தவள்... ஐயோ, குடிக்கிறியா என்று அவளை நான் கேட்டதே அன்றைக்குத்தானே முதல் தடவை? வாசலில் நிறுத்தி, விருந்தாளியைக் கேட்கிற மாதிரி... அந்தக் காப்பி ஆடை படிந்து மத்தியானம் வரை கிடந்தது.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?” இருக்கேன், நாளைக்கு வா. “வேண்டாங்க்கா, முட்டி வலி.” ஒன்று. பஸ்ஸில் உட்கார்ந்துதானே வரப்போகிறாய், வா. “அவருக்கு யாருக்கா சோறு போடறது?” இரண்டு... இவள் அந்தப் புத்தகத்தைப் படித்தவள் இல்லையே, இது மரியாதைக்குச் சொல்வதா, நிஜமாகவே மாட்டேன் என்கிறாளா, பர்வீனுக்குத் தேநீர் கொடுத்தவளுக்கு எப்படித் தெரிந்தது? ஆனால் போனை வைக்கவில்லை, மூச்சு கேட்கிறது, அன்றைக்குக் கேட்டில் நின்ற மாதிரியே நிற்கிறாள்.

“அவரையும் கூட்டிக்கினு வா அம்சா, பத்து மணி பஸ்ஸுக்கு ஸ்டாப்புல நிப்பேன், நான் டிகாக்ஷன் போடமாட்டேன், நீ வந்துதான் போடணும், என்ன?”