லாரி அலமாரிக்கு ஒரு கம்ப்யூட்டர்

லொரெட்டா ஸ்டாவிக்கின் லேப்டாப் செத்துப்போனது ஒரு வெற்றிக்குப் பிறகுதான். ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டப் போட்டி ஒன்றின் அரையிறுதி, அதன் கடைசிக் கட்டத்தில் அது தோசைக்கல்லாய்க் கொதித்தது, தலைமுடி உலர்த்தும் கருவி போல இரைந்தது, எதிரணியின் கடைசி ஆள் விழுந்த கையோடு திரை இருண்டது. பிறகு எத்தனை அமுக்கியும் எழுந்திருக்கவில்லை. அவள் அழவில்லை. கீழ்ப்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் வெர்னை உலுக்கி எழுப்பி, ஜெயித்துவிட்டோம் என்று சொன்னாள். புது இயந்திரம் வாங்கவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாள்.

இருவரும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டுகிறவர்கள். நார்த் டகோட்டாவில் பிஸ்மார்க் ஊரில் வீடு இருந்தது. குடித்தனம் என்னவோ ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள குட்டி அறையில்தான். மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒரு மைக்ரோவேவ், இண்டு இடுக்கெல்லாம் அலமாரி. ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். லாரி ஓய்வில் நிற்கும் நாட்களில் வெர்ன் தூங்குவான், லொரெட்டா விளையாடுவாள். அவளுடைய அணியின் பெயர் ‘பதினெட்டுச் சக்கரம்’. நான்கு பேர், நால்வரும் லாரி ஓட்டும் பெண்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. தங்கள் வயதில் பாதிகூட இல்லாத பையன்களை எல்லாம் வீழ்த்தி இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். ஆட்டம் ஞாயிறு மத்தியானம்.

சனிக்கிழமை காலை செயின்ட் பால் நகரில் சரக்கை இறக்கினார்கள். திங்கள் வரை கட்டாய ஓய்வு. பின்பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு, லாரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். வெறும் தலைதான் என்றாலும் நாலு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டது.

மேல்படுக்கைக்கு எதிரே இருந்த அலமாரியின் உள்ளளவுக்குச் சரியாக, பீட்சா அட்டைகளை ஒட்டி ஒரு பெட்டி செய்து வைத்திருந்தாள் லொரெட்டா. அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். கடையில் வேலை பார்த்த மாய்லீ வாங் என்ற பெண் எதிரே வந்து, திருப்பிக் கொடுக்க வந்த பொருளா என்று கேட்டாள்.

“இல்லம்மா. இந்த அட்டைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓடணும்.”

பசித்தவளுக்கு இலை போட்டாற்போல மலர்ந்தது மாய்லீயின் முகம். நாள் முழுக்க, ஃப்ரிட்ஜ் அளவுக்குக் கண்ணாடிப் பெட்டியும் வானவில் விளக்கும் கேட்பவர்களுக்கு விற்று அலுத்துப்போனவள் அவள். சின்ன இயந்திரம் என்றால் உயிர். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், பின்னறையிலிருந்து ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வெற்று அலுமினியக் கம்ப்யூட்டர் கூட்டை எடுத்து வந்து உள்ளே படுக்க வைத்தாள். பக்கத்தில் ஒரு விரலும் மேலே இரண்டு விரலும் நுழையும் சந்து மிஞ்சியது.

சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. பிராசஸரைக் குளிர்விக்க, திரவம் சுற்றி ஓடும் லிக்விட் கூலர்தான் சரி என்றாள் மாய்லீ. உயரமான காற்றுக் கூலர் இந்தக் கூட்டுக்குள் நிற்காது. குள்ளமானது நிற்கும், ஆனால் சூடு தாங்காமல் கத்தும். லாரி குலுங்குகிற குலுங்கலில் மதர்போர்டின் மேல் கனமான எதுவும் தொங்காமல் இருப்பதும் நல்லது. வெர்னுக்கு இது பிடிக்கவே இல்லை.

“தண்ணியும் கரண்ட்டும் ஒரே டப்பாவுக்குள்ளயா? என் படுக்கைக்கு எதிர்லயா? நல்லா இருக்கு உங்க யோசனை.”

“ஏன்யா, முப்பது வருஷமா லாரி ரேடியேட்டருக்குப் பின்னாடிதானே உக்காந்து சம்பாதிக்கிற?” என்றாள் லொரெட்டா.

“அதனாலதான் சொல்றேன். அது எத்தனை தடவை ஒழுகிருக்குன்னு எனக்குத்தானே தெரியும்.”

மாய்லீ பொறுமையாக விளக்கினாள். இது தொழிற்சாலையிலேயே அடைத்து மூடி வருவது. ஊற்றவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். பம்ப் பிராசஸரின் மேல் உட்காரும், ரேடியேட்டர் பக்கச் சுவரில் நிற்கும், நடுவே இரண்டு டியூப், அவ்வளவுதான். என்றைக்காவது கெட்டுப்போகும்தான், ஆனால் சத்தம் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்காது என்றாள். தூக்கம் என்றதும் வெர்ன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. லொரெட்டா மாதக்கணக்காக மனதில் வைத்திருந்த கார்டு தடிமனானது. கூட்டின் நடுவே ஒரு தகட்டுச் சுவர். இந்தப் பக்கம் பிராசஸரும் ரேடியேட்டரும், அந்தப் பக்கம் கார்டு. சுவரை நகர்த்தலாம். கார்டுக்கு இடம் விட்டால் ரேடியேட்டர் இடித்தது. ரேடியேட்டருக்கு விட்டால் கார்டு நுழையவில்லை. அரை அங்குலம்கூட இல்லாத ஒரு வித்தியாசம், அதைக் கடக்க முடியவில்லை. மெலிந்த கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள் மாய்லீ. லொரெட்டா அதைக் கையில் வாங்கவே இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி நின்றாள்.

“மனசை மாத்திக்குவேன்னு நினைக்காத தம்மாத்துண்டு டப்பாவே,” என்று கூட்டைப் பார்த்துச் சொன்னாள். “வேற வழி இருக்கா இல்லையா, அதைச் சொல்லும்மா.”

மாய்லீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ரேடியேட்டரைப் பார்த்தாள். அதில் இரண்டு தடித்த ஃபேன்கள் திருகி மாட்டியிருந்தன. சட்டென்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஃபேன்கள், பிஸ்கட் மாதிரி மெலிதாக.

“இதை மாட்டுனா நமக்கு வேண்டிய இடம் கிடைச்சிடும் அக்கா. காத்து கொஞ்சம் கம்மியாத்தான் தள்ளும். இந்தப் பிராசஸருக்கு அது போதும்.”

மாட்டினாள். சுவரை நகர்த்தினாள். கார்டை இறக்கினாள். உள்ளே போய் உட்கார்ந்த மெல்லிய சொடக்குச் சத்தத்தை மூவருமே கேட்டார்கள். பக்கத்து வரிசையில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஓர் ஆள் கை தட்டினார்.

மிச்சமெல்லாம் விறுவிறுவென நடந்தது. கையடக்கமான பவர் சப்ளை, மெமரி, சேமிப்புக்கு ஒரு சில்லு, கூடவே ஒரு சின்னத் திரை, கீபோர்டு, மவுஸ். கேபிள்களைப் பின்னி முடிந்து ஓரத்தில் ஒதுக்குகிற வேலையை லொரெட்டா பிடுங்கிக்கொண்டாள். கடை மேஜையில் நிமிர்த்தி வைத்து ஓட்டியபோது இயந்திரம் பூனை மாதிரி சாதுவாக இருந்தது. மாய்லீக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலமாரியில் அது ஏறுவதைப் பார்க்காமல் தன்னால் சாப்பிட முடியாது என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு அவளும் லாரியில் ஏறினாள்.

கம்ப்யூட்டர் அலமாரிக்குள் படுத்த வாக்கில் அழகாகப் போய் உட்கார்ந்தது. சூடு வெளியேற வேண்டும் என்பதால் வெர்ன் அலமாரிக் கதவையே கழற்றி எடுத்துவிட்டான். லொரெட்டா ஆட்டத்தைத் திறந்தாள். முதலில் கொஞ்சம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உள்ளேயிருந்து களக் களக் என்று ஓர் ஓசை. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.  பழைய லேப்டாப்பும் இப்படித்தான் ஆரம்பித்தது.  

மாய்லீ படுக்கையில் முழங்காலிட்டு, அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

“ஒண்ணுமில்லைக்கா, தலைகீழா படுக்க வச்சிருக்கோம். ரேடியேட்டர் கீழ போயிடுச்சு, பம்ப் மேல வந்துடுச்சு. டியூபுக்குள்ள எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும். அது உசரமான இடத்துக்குத்தானே போகும்?”

“பம்புக்குள்ள காத்து பிடிச்சிருக்கு,” என்றான் வெர்ன். கண்கள் அகன்றுவிட்டன. “அடப்பாவி, நம்ம எஞ்சின்லயும் இதே கூத்துதானே?”

அதன்பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. இயந்திரத்தை அணைத்து, ரேடியேட்டர் மேலே வரும்படி தானே புரட்டினான். அப்படிப் புரட்டியதில் கார்டின் ஃபேன்கள் அடிப்பலகையைப் பார்த்தன. காற்று இழுக்க வழியில்லை என்றாள் மாய்லீ. வெர்ன் படுக்கைக்கு அடியில் துழாவி, பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டுகள் நாலை எடுத்தான். கனத்த கறுப்பு ரப்பர். மூலைக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்துப் பெட்டியை அதன் மேல் உட்கார்த்தி, சரக்கைக் கட்டும் பட்டையால் அலமாரியோடு இறுக்கினான். மறுபடி ஓட்டினார்கள். களக் சத்தம் ஒரு தடவை கேட்டது, பிறகு அடங்கியது. எண் ஏறி, நடுவில் ஓரிடத்தில் நின்று, அங்கேயே இருந்தது. லொரெட்டா மாய்லீயைக் கட்டிக்கொண்டாள். அவளைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்த ஹாட்டிஷ்ஷை மைக்ரோவேவில் சூடாக்கி மூவரும் ஒரே தட்டில் இருந்து தின்றார்கள்.

ஞாயிறு மத்தியானம் வெளியே பனி கொட்டியது. முதல் ஆட்டத்தில் ‘பதினெட்டுச் சக்கரம்’ மண்ணைக் கவ்வியது. இரண்டாவதைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவதில் அவள் அணியில் டல்சா ஊர்க்காரி முதலில் விழுந்தாள், பிறகு ரீனோக்காரி, பிறகு நியூ பிரன்ஸ்விக் ஊர்க்காரி. லொரெட்டா தனியாக, எதிரே இரண்டு பேர். படம் துளிகூடத் திக்கவில்லை. ஒருவனைப் பாறை மறைவிலிருந்து வீழ்த்தினாள். மற்றவன் பின்னால் வருவதை அவள் பார்க்கவில்லை. மேல்படுக்கை விளிம்பில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த வெர்ன் பார்த்துவிட்டான்.

“இடப்பக்கம், இடப்பக்கம்டி.”

திரும்பிய வேகத்திலேயே சுட்டாள். ஹெட்போனுக்குள் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில், ஜெயித்துவிட்டோம் என்று அலறினார்கள்.   அன்று சாயங்காலமே லொரெட்டா மாய்லீக்கு போன் போட்டு, ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

திங்கட்கிழமை சரக்கேற்றிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். ஃபார்கோவில் டீசல் போட நிறுத்தியபோது கடைக்குள் காப்பி வாங்கப் போன வெர்னை வெகுநேரம் காணவில்லை. லொரெட்டா தேடிக்கொண்டு போனாள். முன்பின் தெரியாத ஓர் ஓட்டுநரைக் காப்பி மெஷின் பக்கத்தில் மடக்கி வைத்திருந்தான். ரேடியேட்டர் எப்போதும் பம்புக்கு மேலே இருக்க வேண்டும் என்றும், ஃபேன் விஷயத்தில் தடிமனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்றும் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே தன் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்.